வழியில் தின்றது

எனக்கு வருவது மூன்று குழாய்கள், சாம்பல் மூடி போட்டவை.
வெறும் வயிற்றில் ஒன்று,
இனிப்புநீர் குடித்து ஒரு மணி கழித்து ஒன்று,
இரண்டு மணி கழித்து இன்னொன்று.
மூத்தது தன் தங்கைகளுக்காக
மலைமேல் மருந்தகத்தின் தட்டில் காத்திருக்கும்.
பிறகு மூன்றும் ஒரே பெட்டியில்
டோக்டோசுனின் வண்டியேறி
கணவாய் தாண்டி நாரினுக்கு இறங்கும்.
பனி கொட்டினால் மதியமும் தாண்டும்.

ஐந்து புள்ளி ஒன்று, அதுதான் கோடு.
தொட்டால் சர்க்கரை நோய்.
தொடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.
புருல்சாவுக்கு நான் அச்சிட்டது
ஐந்து புள்ளி பூஜ்யம்.
நல்ல சேதி சொன்னதற்கு
உலர்தயிர் உருண்டை ஒரு பை கொடுத்தனுப்பினாள்.
தின்றேன். உப்பு சரியாக இருந்தது.

மே மாதம் பிள்ளை.
நாலே முக்கால் கிலோ.
தலை வந்தது, தோள் வரவில்லை.
நான்கு நிமிடம், என்றாள் மருத்துவச்சி மீரிம்.
அவள் சொன்ன விதத்தில்
அது நான்கு நிமிடமாக இல்லை.
காறை எலும்பு முறிந்து பையன் பிழைத்தான்.
குதிகாலில் குத்திப் பார்த்தால்
சர்க்கரை தரைதட்டிக் கிடந்தது.
அந்தச் சொட்டு
எந்தக் கணவாயும் தாண்டவில்லை.

இயந்திரத்தைச் சோதித்தேன். சரி.
மறுபடி சோதித்தேன். சரி.
பேரேட்டைப் புரட்டினேன்.
டோக்டோசுன் ஓட்டிய வாரங்களில்
மலைமேல் பெண்கள் எல்லாருக்கும் சௌக்கியம்.
அவனுக்கு இடுப்பு பிடித்து
ஜானிபெக் ஓட்டிய வாரங்களில் மட்டும் நோய்.

ஜானிபெக் பொறுப்பில்லாதவன்.
பெட்டியைப் பின்னால்,
உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே,
இரும்பு சில்லிட்ட இடத்தில் எறிவான்.
டோக்டோசுன் அப்படியில்லை.
காலடியில், சூடுகாற்று வரும் துளையருகே வைத்து
தன் கம்பளிக் கோட்டால் போர்த்துவான்.
ரத்தமாயிற்றே, குளிருமே என்பான்.

என் வயிற்றில் பிள்ளை இல்லை. கை இருந்தது.
நான்கு குழாய் எடுத்தேன்.
உடனே சுழற்றிப் பிரித்ததில் ஐந்து புள்ளி இரண்டு.
பனிக்கட்டித் தண்ணீரில் நின்றதிலும் அதுவே.
மேசைமேல் இருந்தது: நான்கு புள்ளி ஒன்பது.
வெந்நீர்க்குழாய்மேல் வைத்தது: நான்கு புள்ளி ஏழு.
ஒரே கை. ஒரே காலை.

உடம்பைவிட்டு வந்துவிட்டோம் என்று
ரத்தத்துக்கு யாரும் சொல்வதில்லை.
அதற்குப் பசிக்கிறது. தின்கிறது.
சாம்பல் மூடிக்குள் இருக்கும் உப்பு
அதன் வாயைக் கட்டத்தான் செய்யும்.
கட்டி முடிக்க ஒரு மணி, இரண்டு மணி.
அதற்குள் பந்தி பாதி முடிந்திருக்கும்.
கொப்பரைப் புலவுக்கு ஒரு பருக்கை பதம், உண்மை.
எடுத்த பருக்கை
கையிலேயே வேறாகிக்கொண்டிருந்தால்?

மருந்தகத்துக்கு எழுதினேன்:
மூத்த குழாய் இனி யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.
எடுத்ததும் பனிக்கட்டியில் இறக்குங்கள்.
ஒரு பழைய மையவிலக்கி இருக்கிறது, அனுப்புகிறேன்,
சத்தம் போடும், பயப்படாதீர்கள்.

டோக்டோசுனிடம் அந்தக் கோட்டைப் பற்றிப் பேச
நா எழவில்லை.
பெட்டியில் பனிக்கட்டி போட்டுக்கொள், என்றேன்.
குளிராதா, என்றான்.
குளிரட்டும்.
என்னைக் கொடுமைக்காரியைப் போலப் பார்த்துவிட்டு
கோட்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

பேரேட்டில் பென்சிலால் அடிக்கோடிட்டேன்.
ஐந்து புள்ளி பூஜ்யம். நான்கு புள்ளி ஒன்பது.
மறுபடி ஐந்து புள்ளி பூஜ்யம்.
முப்பத்தொரு பெயர்கள்.
அவற்றில் பதினொன்றுக்கு
இன்னும் பிள்ளை பிறக்கவில்லை.

மணி நாலரை.
மலைமேல் இப்போது பால் கறக்கும் நேரம்,
யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.
முதல் எண்ணை அழுத்துகிறேன்.
மணி போகிறது.